ஒலியை முந்திய வானூர்தியும் வெள்ளோட்ட விமானிகளும்

கார்முகில் சூழ்ந்த வானில் மின்னல் வெட்டுவதை முதலில் காண்கிறோம். இடியோசை பின்னரே செவிக்கு எட்டுகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் மின்னல் தோன்றினால் அதன் முழக்கம் நம்மை வந்தடைய ஏறத்தாழ மூன்று நொடிகள் ஆகும். ஒலிக்கும் ஒரு வேக எல்லை உண்டு என்பதை இதனால் அறிகிறோம். அந்த எல்லையைக் கடத்தல் இயற்கைக்கு முரணானதும் அன்று. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது பிறக்கும் ‘பளீர்’ என்னும் ஓசை, சாட்டையின் நுனி ஒரு கணம் ஒலியைவிட விரைந்து செல்வதால் எழுவதேயாகும். துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டும் பெரும்பாலும் ஒலியை முந்திச் செல்வதே. ஆயினும் மனிதன் ஒருவன் வானூர்தியில் அமர்ந்து, ஒலியினும் விரைவாகப் பறந்து, உயிருடன் தரை சேர்ந்து, அதற்கு ஐயமற்ற சான்றும் காட்டிய நாள் 1947 அக்டோபர் 14 ஆகும்.

அவ்விமானியின் பெயர் சக் யேகர். பொது அறிவு நூல்கள் இந்தப் பெயரையும் நாளையும் ஒரு வரியில் தந்து அமைந்துவிடுகின்றன. போட்டித் தேர்வுக்கு அவ்வொரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னே ஓர் இடர்ப்பட்ட ஆராய்ச்சியும், சில மரணங்களும், வாலின் அமைப்பைப் பற்றிய ஒரு நுட்பமான கண்டுபிடிப்பும் உள்ளன. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘சுவர்’ என்ற சொல் பிறந்த கதை

ஒலியின் வேகம் எங்கும் ஒரே அளவினது அன்று. காற்றின் வெப்பநிலையைப் பொறுத்து அது மாறும். கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், மணிக்குச் சுமார் 1225 கிலோமீட்டர். குளிர் மிகுந்த 12 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்குச் சுமார் 1060 கிலோமீட்டர். ஆதலால் ‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்று மட்டும் கூறினால் ஓர் ஊர்தி ஒலியை முந்தியதா என்பது விளங்காது. அவ்விடத்து ஒலி வேகத்தில் எத்தனை மடங்கு என்று கூறுதல் வேண்டும். அம்மடங்கே மாக் எண். ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயரை இவ்வெண்ணுக்கு 1929இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆக்கரெட். மாக் 1 என்பது ஒலிக்கு ஒத்த வேகம்.

இனி, ஒலி வேகத்தை நெருங்கும்போது நேர்வது யாது? அரசன் உலா வருமுன் கட்டியங்கூறுவோன் முன்னே சென்று வழிவிடச் சொல்வான் அல்லவா? வானூர்திக்கும் அத்தகைய கட்டியக்காரன் உண்டு. ஊர்தியின் முன்புறத்தில் எழும் அழுத்த அலைகள் ஒலி வேகத்தில் முன்னோடிச் செல்லவே, எதிரிலுள்ள காற்று சிறிது சிறிதாக விலகி வழிவிடுகிறது. ஊர்தியே ஒலி வேகத்தை எட்டிவிட்டால் கட்டியக்காரனால் முன்செல்ல இயலாது. காற்று முன்னறிவிப்பின்றித் தாக்கப்பட்டு ஒரு மெல்லிய பரப்பில் திடீரெனச் செறிகிறது. இதனையே அதிர்ச்சி அலை என்பர். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் காற்று ஊர்தியினும் விரைவாக ஓடும். எனவே ஊர்தி மாக் 0.7 அல்லது 0.8 அளவில் செல்லும்போதே இறக்கைமேல் சில இடங்களில் காற்று ஒலியை முந்திவிடுகிறது. அதிர்ச்சி அலைகள் அங்கே முளைத்து, காற்றோட்டத்தைச் சிதைத்து, எதிர்ப்பைப் பன்மடங்காக்குகின்றன.

1935இல் ஹில்டன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், இறக்கையின் காற்றெதிர்ப்பைக் காட்டும் வரைபடம் ஒன்றைச் செய்தியாளரிடம் விளக்கினார். ஒலி வேகத்தை அணுகுமிடத்தில் அக்கோடு செங்குத்தாக எழுவதைச் சுட்டி, அது விரைவுக்கு ஒரு தடைபோல் நிற்பதாகச் சொன்னார். உவமை செய்தித்தாளில் ஏறியதும் உண்மையாகிவிட்டது. ‘ஒலித்தடை’, ‘ஒலிச்சுவர்’ என்னும் பெயர்கள் உலகெங்கும் பரவின. ஆய்வாளர் சொன்னது எதிர்ப்பு மிகுதியைப் பற்றி. மக்கள் விளங்கிக்கொண்டது மோதினால் நொறுங்கும் மதிலைப் பற்றி. சொல்லாய்வில் ஈடுபடும் தமிழ்த்துறை மாணவர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. நம் கலைச்சொல்லாக்கத்திலும் இத்தகைய இடர் உண்டு. ‘மீயொலி’ என்ற ஒரே சொல்லைச் செவிக்கு எட்டாத ஒலியலைக்கும் ஒலியை முந்தும் வேகத்துக்கும் சிலர் ஆள்கின்றனர். ஆங்கிலத்திலும் ‘சூப்பர்சானிக்’ என்ற சொல் ஒரு காலத்தில் இவ்விரண்டையும் குறித்ததே.

சுவர் என்ற நம்பிக்கை வளர மற்றொரு காரணமும் இருந்தது. மாதிரி வடிவங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பதே விமான ஆய்வின் முறை. அக்காலச் சுரங்கங்களில் காற்றின் வேகம் மாக் 1ஐ நெருங்கியதும் மாதிரியைச் சுற்றிய அதிர்ச்சி அலைகள் சுரங்கச் சுவரில் மோதித் திரும்பி, காற்றோட்டமே அடைபட்டுப் போயிற்று. எந்த வேகத்தைப் பற்றி அறிய வேண்டுமோ அந்த வேகத்தில் கருவி ஊமையாயிற்று. வேறு வழியின்றி வானமே ஆய்வுக்கூடமாகவும், விமானியே ஆய்வாளனாகவும் ஆக வேண்டியதாயிற்று.

வானில் செலுத்தப்பட்ட விலை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போர் விமானங்கள் செங்குத்தாகப் பாயும்போது விமானிகள் விந்தையான இடர்களைக் கண்டனர். இறக்கை குலுங்கும், மூக்கு தானே கீழ்நோக்கிக் கவியும், கட்டுப்பாட்டுக் கோலை இரு கைகளாலும் இழுத்தாலும் அசையாது. அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்துச் சோதனை விமானி ரால்ப் விர்டன், பி-38 விமானத்தின் இக்குறையை ஆராயும் பறப்பொன்றில் 1941 நவம்பரில் உயிரிழந்தார்.

இங்கிலாந்தில் நேர்ந்தது மேலும் உள்ளம் உருக்குவது. புகழ்பெற்ற விமானத் தொழிலதிபர் டி ஹாவிலண்டின் மைந்தர் ஜெஃப்ரி, தந்தையின் நிறுவனத்திலேயே தலைமைச் சோதனை விமானியாக இருந்தவர். வாலற்ற அமைப்புடைய டி.எச்.108 என்னும் விமானத்தை 1946 செப்டம்பர் 27 அன்று தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்துக்கு மேலே விரைந்து செலுத்தியபோது, அது வானிலேயே சிதைந்தது. அவருடைய தம்பி ஜான் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே விமானங்கள் மோதிய விபத்தில் இறந்திருந்தார். ஜெஃப்ரியின் மரணத்துக்குப் பின் ‘சுவர்’ என்ற அச்சம் பொதுமக்களிடையே உறுதிப்பட்டது.

அதே இங்கிலாந்தில் மைல்ஸ் நிறுவனம் 1943 முதல் எம்.52 என்னும் விமானத்தை உருவாக்கி வந்தது. மெல்லிய இறக்கை, குண்டு போன்ற உடல், முழுவதுமாக அசையும் வால் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. விமானம் முற்றுப்பெறும் நிலையில், 1946 பிப்ரவரியில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அதனை ஓட்டவிருந்தவர் கடற்படை விமானி எரிக் பிரவுன். அதன் ஆய்வுக் குறிப்புகள் அமெரிக்கருக்கு முன்பே வழங்கப்பட்டிருந்தன. அமெரிக்க விமானத்தின் வால் அமைப்பு அதிலிருந்து பெறப்பட்டதா, தனியே தோன்றியதா என்பது இரு நாட்டு எழுத்தாளரிடையே தீராத வழக்கு. ஒன்று மட்டும் தெளிவு: 1948 அக்டோபரில் எம்.52 வடிவில் செய்யப்பட்ட ஆளில்லாச் சிறு மாதிரி ராக்கெட் விசையால் மாக் 1.38ஐ எட்டியது. வடிவமைப்பில் பிழையில்லை, துணிவுதான் குன்றிற்று எனலாம்.

குண்டின் வடிவில் ஒரு விமானம்

அமெரிக்க வான்படையும், நாகா என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரசு வானூர்தி ஆய்வுக் குழுவும், பெல் நிறுவனமும் இணைந்து எக்ஸ்-1 விமானத்தை உருவாக்கின. ஒலியை முந்தியும் தடுமாறாமல் செல்லும் பொருள் எது என்று சிந்தித்தவர்கள், அரை அங்குல விட்டமுள்ள இயந்திரத் துப்பாக்கிக் குண்டைத் தேர்ந்து, அதன் வடிவையே விமானத்தின் உடலுக்குக் கொடுத்தனர். நீளம் 9.4 மீட்டர், இறக்கை வீச்சு 8.5 மீட்டர். எரிசாராயத்தையும் நீர்மமாக்கிய ஆக்சிஜனையும் எரிக்கும் ராக்கெட் பொறியில் நான்கு எரியறைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மூட்டலாம், அணைக்கலாம். எரிபொருள் சில நிமிடங்களே வரும். ஆதலால் தரையிலிருந்து எழுந்து அதனை வீணாக்காமல், பி-29 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டு உயரே கொண்டுசென்று விடுவித்தனர். இதில் விமானியை வெளியே வீசும் இருக்கை கிடையாது. பக்கவாட்டில் ஒரு சிறு கதவு உண்டு. ஆனால் வெளியே குதிப்பவன் பின்னாலிருக்கும் இறக்கையில் மோதுவான். கதவு இருந்தும் இல்லாதது போன்றதே.

இதன் முதல் விமானி ஜாக் ஊலம்ஸ். பொறியின்றி வழுக்கிப் பறக்கும் சோதனைகளை 1946 ஜனவரியில் ஃபுளோரிடாவில் அவர் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில், பந்தயத்துக்கென மாற்றியமைத்த வேறொரு விமானத்தை ஓட்டிப் பழகும்போது இறந்தார். அவருக்குப் பின் சால்மர்ஸ் குட்லின் என்னும் இளைஞர் பொறுப்பேற்று, 1946 டிசம்பரில் கலிபோர்னியாவின் முரோக் பாலைவனத் தளத்தில் முதன்முதலாக ராக்கெட்டை மூட்டிப் பறந்தார். இருபதுக்கு மேற்பட்ட பறப்புகளில் மாக் 0.8 வரை விமானத்தின் தகுதியை மெய்ப்பித்தவர் அவரே.

குட்லினைப் பற்றி ஒரு பழி உலவுகிறது. ஒலியை முந்த 150,000 டாலர் கேட்டதால் அவர் விலக்கப்பட்டார் என்றும், பேராசைக்காரர் என்றும் நூல்களும் திரைப்படமும் சித்திரித்தன. இது நியாயமான கூற்று அன்று. ஆபத்தான பறப்புகளுக்குத் தனித்தொகை பேசிக்கொள்வது அக்காலத் தனியார் சோதனை விமானிகளின் தொழில் வழக்கம். வான்படை இத்திட்டத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது, மாத ஊதியம் பெறும் படை அலுவலர் ஒருவரைக் கொண்டு அதே வேலையைச் செய்துகொள்ள முடிந்தது, அவ்வளவே. தம்மைப் பற்றிய இச்சித்திரிப்பைக் குட்லின் பிற்காலத்தில் மறுத்துரைத்தார். வெற்றி பெற்றவனை உயர்த்துவதற்காக முன்னவனைத் தாழ்த்துவது வரலாறு எழுதுவோர் பலரிடம் காணப்படும் குறை.

மூவர் குழு

கர்னல் ஆல்பர்ட் பாய்ட் தேர்ந்தெடுத்தவர் மூவர். முதலாமவர் 24 வயதுக் கேப்டன் சக் யேகர். மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூரில் பிறந்து, பள்ளிப் படிப்போடு படையில் இயந்திரப் பணியாளராகச் சேர்ந்து, பின்னர் போர் விமானியானவர். 1944இல் பிரான்சின்மீது சுட்டு வீழ்த்தப்பட்டுத் தப்பி வந்தவர். இரண்டாமவர் பாப் ஹூவர். மாற்று விமானியாகவும் உடன்பறந்து கண்காணிப்பவராகவும் அமர்த்தப்பட்டார். மூன்றாமவர் ஜாக் ரிட்லி. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர், விமானியும்கூட. யேகர் கல்லூரி வாசலை மிதியாதவர். பொறியியல் கணக்குகளை ரிட்லி எளிய மொழியில் விளக்க, அவர் கேட்டறிந்தார். விமானத்தின் போக்கில் தாம் உணர்ந்ததை யேகர் நுணுக்கமாக எடுத்துரைக்க, ரிட்லி அதனைக் கணக்காக்கினார். கல்வியும் கைத்திறனும் இவ்வாறு இணைந்ததே இவ்வெற்றியின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

1947 ஆகஸ்டு 29 அன்று யேகர் முதல் ராக்கெட் பறப்பிலேயே மாக் 0.85 வரை சென்றார். திட்டமிட்ட அளவை மீறியதற்காகக் கண்டிக்கவும்பட்டார். அதன்பின் ஒவ்வொரு பறப்பிலும் சிறிது சிறிதாகவே வேகம் கூட்டப்பட்டது. விமானத்துக்குள் சுமார் 225 கிலோகிராம் எடையுள்ள அளவைக் கருவிகள் இருந்தன. ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் அவற்றின் பதிவுகளை ஆராய்ந்து, அடுத்த படியில் கால் வைக்கலாமா என்று நாகா குழுவினர் முடிவு செய்தனர். அவர்களின் எச்சரிக்கை படையினருக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. எனினும் அந்தப் பதிவுகள்தாம் விமானியைக் காத்தன.

மாக் 0.94 அளவில் பெருஞ்சிக்கல் எழுந்தது. யேகர் கோலை இழுத்தார், விமானத்தின் மூக்கு எழவில்லை, தள்ளினார், தாழவுமில்லை. பதிவுகளை ஆராய்ந்தபோது காரணம் புலனாயிற்று. விமானத்தின் பின்புறத்தில் கிடையான வால் ஒன்று உண்டு. அதன் பின்விளிம்பில் கீலால் பொருத்திய ‘உயர்த்தி’ என்னும் தகடு மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றும், இறக்கும். அதிர்ச்சி அலை மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, சரியாக அந்தக் கீலின்மேல் வந்து நின்றது. அலைக்குப் பின்னால் சிதறிய காற்றில் தகடு பயனற்றுத் துடித்தது. போர்க்கால விமானிகளின் கோலைச் செயலறச் செய்ததும் இத்தகைய அலைகளின் விளையாட்டே.

இங்கேதான் ரிட்லி ஒரு வழி சொன்னார். எக்ஸ்-1இன் கிடைவாலைச் சிறிதளவு சாய்த்து அமைத்துக்கொள்ளும் வசதி வடிவமைப்பிலேயே இருந்தது. உயர்த்தியை மறந்துவிட்டு, வால் முழுவதையுமே மிகச் சிறிய அளவுகளில் சாய்த்து மூக்கை ஆண்டால் என்ன? வால் முழுவதும் அசையும்போது, அலை அதன்மேல் எங்கு நின்றாலும் முன்விளிம்பு தூய காற்றைச் சந்திக்கும் அல்லவா? வாலைச் சாய்க்கும் மோட்டார் தரையிலும் வானிலும் சோதிக்கப்பட்டது. வழி பலித்தது. பிற்காலத்தில் ஒலியை முந்தும் போர் விமானங்களில் இவ்வமைப்பே பொதுவிதியாயிற்று.

அக்டோபர் 14

அந்நாளைப் பற்றி உலகம் விரும்பிச் சொல்லும் கதை வேறு. இரண்டு நாள் முன்பு இரவில் குதிரைச் சவாரி செய்த யேகர் கீழே விழுந்து இரு விலா எலும்புகளில் முறிவு கண்டார். படை மருத்துவர் அறிந்தால் பறக்க விடமாட்டார் என்று வெளி மருத்துவரிடம் கட்டுப்போட்டுக்கொண்டு, ரிட்லியிடம் மட்டும் சொன்னார். வலக்கையால் விசையுடன் கதவைத் தாழிட இயலாதென்பதால், ரிட்லி துடைப்பக் கட்டையில் ஒரு துண்டை அறுத்து நெம்புகோலாகக் கொடுத்தார். சுவையான கதைதான்; உண்மையும்கூட. ஆயினும் அடிபட்டதை மறைத்துப் பறப்பது இளைஞர் பின்பற்றத் தக்க வீரம் அன்று. துடைப்பக் கட்டையை நினைவில் வைத்த உலகம் வாலை மறந்ததுதான் வருத்தத்துக்குரியது.

காலையில் மேஜர் கார்டெனாஸ் ஓட்டிய பி-29 மேலெழுந்தது. யேகர் நடுவானில் ஏணி வழியே எக்ஸ்-1க்குள் இறங்கினார். கடுங்குளிரில் முன்கண்ணாடி பனிபூத்து மறைப்பது முந்திய பறப்பில் தொல்லை தந்தது. எனவே தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவை அதில் பூசி வைத்திருந்தனர். பல இலட்சம் டாலர் விமானத்தில் அதுவும் ஒரு தொழில்நுட்பமே! ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில் 10 மணி 26 நிமிடத்துக்கு விமானம் விடுவிக்கப்பட்டது. நான்கு அறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டி மேலேறிய யேகர், இரண்டை அணைத்து வாலின் செயலைச் சோதித்தார். 42,000 அடியில் சமன்படுத்தி மூன்றாவது அறையை மீண்டும் மூட்டினார். குலுக்கம் மிகுந்தது. மாக் மானியின் முள் நடுங்கியது. பின் அளவுகோலின் எல்லையையே தாண்டிச் சென்றது, ஏனெனில் அது மாக் 1.0 வரையே குறிக்கப்பட்டிருந்தது. அக்கணமே குலுக்கம் அடங்கிப் பறப்பு சீரானது. மோதுவதற்குச் சுவரேதும் இல்லை.

கருவிப் பதிவின்படி வேகம் மாக் 1.06, 43,000 அடி உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 1127 கிலோமீட்டர். ஒலியை முந்திச் சென்ற நேரம் இருபது நொடிகளுக்குள். தரையில் இருந்தவர்கள் தொலைவில் இடி முழங்குவதுபோல் ஓர் ஓசை கேட்டனர். விடுவிக்கப்பட்டதிலிருந்து பதினான்கு நிமிடங்களில், வறண்ட ஏரிப்படுகையில் விமானம் தரையிறங்கியது.

சான்றும் வழக்கும்

செய்தி மறைக்கப்பட்டது. டிசம்பரில் ஒரு விமானத்துறை இதழ் அதனை வெளியிட்டும், வான்படை ஒப்புக்கொண்டது 1948 ஜூனில்தான். இதற்கிடையே வேறு உரிமைகளும் பேசப்பட்டன. ஜார்ஜ் வெல்ச் என்னும் விமானி எக்ஸ்பி-86 விமானத்தில் அக்டோபர் 1 அன்றே கீழ்ப்பாய்ச்சலில் ஒலியை முந்தினார் என்பர் சிலர். ஹான்ஸ் குய்டோ முட்கே என்ற ஜெர்மானிய விமானி 1945 ஏப்ரலிலேயே அதனைச் செய்ததாகக் கூறினார். இவர்களைப் பொய்யர் எனத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஒலி வேகத்தை அணுகுகையில் சாதாரண வேகமானிகள் தவறான அளவைக் காட்டும். அளந்து பதிந்த சான்று எக்ஸ்-1க்கே உள்ளது. அதுவும் சமநிலைப் பறப்பில் கிடைத்தது.

1952இல் வெளிவந்த ‘தி சவுண்ட் பேரியர்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் மற்றொரு குழப்பத்தை விளைத்தது. அதில் வரும் விமானி, தடையைக் கடக்கும் கணத்தில் கட்டுப்பாட்டுக் கோலை வழக்கத்துக்கு மாறாக முன்னோக்கித் தள்ளி வெல்கிறான். அவ்வாறு செய்திருந்தால் தாம் உயிர் பிழைத்திரார் என்பது யேகரின் விளக்கம். உண்மைத் தீர்வு வாலில் இருந்தது. ஆனால் அதைத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்க இயலாது போலும்.

அதன்பின் வேகம் வளர்ந்தது, விலையும் வளர்ந்தது. 1953 மே மாதத்தில் ஜாக்குலின் காக்ரன் ஒலியை முந்திய முதல் பெண்மணியானார். அவ்வாண்டு நவம்பர் 20 அன்று ஸ்காட் கிராஸ்ஃபீல்டு மாக் 2ஐக் கடந்தார். டிசம்பர் 12 அன்று மாக் 2.44ஐத் தொட்ட யேகரின் விமானம் நிலைகுலைந்து, ஏறத்தாழ 51,000 அடி உருண்டு விழுந்த பின்னரே அவர் கைக்கு அடங்கியது. 1956 செப்டம்பர் 27 அன்று மெல் ஆப்ட் மாக் 3ஐக் கடந்த முதல் மனிதரானார், அப்பறப்பிலேயே மாண்டார். நாகாவின் ஹோவர்டு லில்லி 1948 மார்ச்சில் ஒலியை முந்தியவர். மே மாதத்தில் வேறொரு சோதனை விமானத்தில் முரோக்கிலேயே உயிர்நீத்தார். ஜார்ஜ் வெல்ச் 1954இல் சோதனைப் பறப்பில் இறந்தார். வாலின் வழியைச் சொன்ன ரிட்லி 1957 மார்ச்சில் ஜப்பானில், தாம் பயணியாகச் சென்ற விமானம் மலையில் மோதியதில் மறைந்தார். ஹூவர் 2016 வரையும் யேகர் 2020 டிசம்பர் வரையும் வாழ்ந்தனர். 2012 அக்டோபர் 14 அன்று, 89ஆம் வயதில், எஃப்-15 விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து யேகர் மீண்டும் அதே வானில் ஒலியை முந்தினார்.

மனைவி கிளெனிஸின் பெயரை யேகர் எழுதிவைத்த அந்த எக்ஸ்-1 வாஷிங்டன் நகரின் தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்துக்கு உரியது. முரோக் தளம், 1948 ஜூனில் வாலற்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றைச் சோதிக்கையில் மாண்ட கேப்டன் கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத் தாங்குகிறது. அத்தளத்தின் தெருக்கள் பலவற்றுக்கும் சோதனைப் பறப்பில் இறந்த விமானிகளின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன.